சம்மனசுக்குப் பாதி பெஞ்சு

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சையை மாணவிகளோடு சேர்ந்து அவர்களுடைய காவல் சம்மனசுகளும் எழுதின. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கடவுள் வானத்திலிருந்து ஒரு சம்மனசைத் துணைக்கு அனுப்பியிருக்கிறார், அது உட்காரப் பெஞ்சில் பாதி இடம் விடவேண்டும் என்று மதர்தான் சொல்லியிருந்தார். பிள்ளைகளும் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் பாடம் படித்தார்கள். அழைத்த மரியாதைக்கு ஒரு திங்கட்கிழமை எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. மதர் அசரவில்லை. சிறகை மடக்கி வைக்கச் சொன்னார், நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தார், வகுப்பில் உட்கார்ந்தால் பரீட்சை எழுதத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தையல்காரரின் மகளுக்கு வாய்த்த சம்மனசு சாதுதான், ஆனால் கணக்கில் சுத்த மக்கு. பரலோகத்தில் எதற்கும் முடிவில்லை என்பதால் கழித்தல் பழக்கமில்லை போலும். அவளோ கணக்கில் புலி. கணக்கு டீச்சராகப் போகிறேன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அன்று தண்ணீர்த் தொட்டிக் கணக்கில் மட்டும் ஆறு மணி நேரம் என்று எழுதவேண்டியதை அவசரத்தில் ஆறு நாள் என்று எழுதிவிட்டாள். பக்கத்திலிருந்த சம்மனசு அதையும் விடாமல் பார்த்து எழுதிவைத்தது. இரண்டு தாளிலும் ஒரே தப்பு இருந்ததால் யாரோ காப்பியடித்தது தெரிந்துபோயிற்று.

சம்மனசு பாவம் செய்யாது என்று மறைக்கல்விப் புத்தகத்திலேயே இருப்பதால் விசாரணை சீக்கிரம் முடிந்தது. தையல்காரரை வரவழைத்தார்கள். ஊரில் பெண்பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

"மதர், அடிங்க, வேணாம்னு சொல்லல. பேர மட்டும் வெட்டிடாதீங்க," என்று அவர் கெஞ்சினார்.

"அப்போ சம்மனசு காப்பியடிச்சதுங்கிறீங்களா?" என்றார் மதர்.

கடவுளுக்குப் பயந்த மனுஷன் அப்படிச் சொல்வாரா? மகள் சம்மனசைப் பார்த்தாள். காவலுக்கென்றே படைக்கப்பட்ட அது ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. பிரம்படிக்கெல்லாம் கலங்காதவள் அப்போதுதான் அழுதாள்.

அவள் பெயரை வெட்டினார்கள். சம்மனசு தேறியது, மறைக்கல்வியில் பரிசுகூட வாங்கியது. ஆனால் பிள்ளை இல்லாத சம்மனசுக்கு ஆறாம் வகுப்பில் யாரும் இடம் விடவில்லை. அது தையல் கடைக்கு வந்து வாசலில் நின்றது. உள்ளே அவள் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் வாடிக்கைக்காரர்கள் குடையை அதன் கையில் கொடுத்துவிட்டு அளவு கொடுக்க உள்ளே போனார்கள். மதர் காலமானார், வேறு மதர் வந்தார், தையல்காரர் கண் மங்கி மிஷினை மகளிடம் விட்டார். அதற்கப்புறம் ஒரு மத்தியானம் சம்மனசு வாயைத் திறந்தது.

"நான்தான் உன்னப் பாத்து எழுதினேன்."

"தெரியும்," என்றாள் அவள், மிஷினை நிறுத்தாமல். "அந்தக் கத்திரிக்கோல எடு."

எடுத்துக் கொடுத்தது. இப்போது கடையில் பித்தான் தைப்பது அதுதான். சட்டைக்கு எத்தனை என்று அவள் எண்ணிக் கொடுத்துவிடுகிறாள்.