பதினொரு மூடிக் களைப்பு

பேட்டரி இல்லாத ஓவர்டிரைவ் பெடல் முதன்முதலாக முழங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. வெங்காய விலை ஒரே நாளில் இரட்டிப்பானதும் அதே செவ்வாய்தான் என்பதால், அன்று முழுக்க ஊர் வெங்காயத்தைப் பற்றியே பேசியது. பெடல் பேச்சு புதன்கிழமைதான் சூடுபிடித்தது.

கித்தாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே தரையில் கிடக்கும் இரும்புப் பெட்டிதான் ஓவர்டிரைவ் பெடல், சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. மிதித்தால், அதுவரை சாதுவாக வந்த கித்தார் ஒலி தொண்டை கரகரத்து அடிவயிற்றிலிருந்து கத்தும். அந்தப் பெட்டிகளைச் செய்யும் தொழிற்கூடம் மூன்று தளம். கீழே ஒரு பெயிண்ட் கடை, நடுவில் பன்னிரண்டு மேசைகளில் ஈயப்பற்று வைப்பவர்கள், மேலே சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை. அந்த அறையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் மிதியக்கா என்றார்கள். வேலை அதுதான். ஒரு பெடல் வந்தால் முதலில் காது, பிறகு கால். காதுக்கு அவள் மூன்றே மூன்று ஸ்வரக்கட்டுகளைக் கித்தாரில் மீட்டுவாள். நான்காவது அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. 'மூக்கால் பேசுகிறது', 'வாயில் வெற்றுக் கரண்டி வைத்த மாதிரி', 'சரி, மனுஷக் குரல்' என்று அதன் சோதனைச் சீட்டில் 'ஒலி' என்ற கட்டத்தில் எழுதுவாள். அப்புறம் ஆயிரம் முறை மிதிப்பாள். ஆயிரமும் ஒரே மாதிரி வந்தால் 'நம்பகம்' என்ற கட்டத்தில் 'நம்பலாம்'. இல்லாவிட்டால் இல்லை. முதலாளியின் மைத்துனர் ஆசையாசையாகச் செய்த பெடலுக்கே 'மழை நாளில் நம்பக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தவள். அவள் மிதித்த மிதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலவுக்குப் போய், அங்கே ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, பாதி வழி திரும்பி வந்துவிடலாம் என்று நடுத்தளத்தில் யாரோ கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். இடது குதிகால் படும் இடத்தில் சிமெண்ட் தரை கிண்ணம்போல் குழிந்திருந்தது.

அந்தச் செவ்வாயன்று அவள் தூங்கி மூன்று நாளாகியிருந்தது. காலையில் லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் நான்கு மாடிக்கும் பன்னிரண்டு வாளி தண்ணீர், பகலில் மிதி, சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் தைப்பு. வீட்டுக்காரர் வேலை பார்த்த டயர் ஆலை மூடி ஐந்து வருடம். அன்றுமுதல் அவர் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், கேட்டால் பதில் சொல்வார். எழுந்திருக்க மட்டும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் நாத்தனார், "அண்ணன் ரொம்ப ஓய்ஞ்சு போயிட்டாரு அண்ணி, நல்லா கவனிச்சுக்குங்க" என்பாள். "ஆமாமா, உக்காந்து உக்காந்து நாற்காலிக்கே இடுப்பு வலி வந்துடுச்சு" என்பாள் மிதியக்கா. அவள் கையில் அப்போதும் ஊசி இருக்கும்.

தூக்கக் கலக்கத்தில் அவள் பெட்டிக்குள் பேட்டரி போட மறந்துவிட்டாள். மறந்தது தெரியாமல் மிதித்தாள், மீட்டினாள். அப்படியொரு ஒலி அந்த அறையில் அதுவரை வந்ததில்லை. நடுத்தளத்தில் பன்னிரண்டு பேரும் ஈயப்பற்றுக் கோலைக் கீழே வைத்துவிட்டு நான்கு நிமிடம் சும்மா உட்கார்ந்தார்கள். வாசல் காவலாளி, தான் கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பதையும் மறந்து, விட்டுப்போன மனைவியை நினைத்து அழுதார். கீழே பெயிண்ட் கடையில் டின் மூடிகள் பதினொன்று, டப் டப்பென்று தாமாகத் திறந்துகொண்டன. பேட்டரி சாகப்போகிற நேரத்தில்தான் ஓவர்டிரைவ் இனிக்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆகவே உள்ளே ஏதோ பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்து மிதியக்கா அடித்தட்டைத் திருகிக் கழற்றினாள். உள்ளே பேட்டரியே இல்லை. சீட்டில் 'ஒலி: முதல் தரம்' என்று எழுதிவிட்டு, மிச்சக் கட்டத்தைக் காலியாக வைத்தாள்.

முதலாளி மாடியேறி வந்து தானே மிதித்துப் பார்த்தார். அக்கா மீட்டினாள். சத்தமே இல்லை. அலமாரியிலிருந்து ஓர் ஈ எழுந்து, மறுபடி உட்கார்ந்தது.

"என்னக்கா இது? நான் மிதிச்சா ஊமையாயிடுது?"

"நீங்க நேத்து எப்ப முதலாளி தூங்கினீங்க?"

"ஒம்பது மணிக்கெல்லாம் படுத்துட்டேன். ஏன்?"

சாயங்காலத்துக்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. இரட்டை ஷிப்ட் முடித்து அந்த வழியாக வந்த நர்ஸ் மிதித்தபோது ஏழு மூடி. கால் கடுக்க நின்றே பழகிய காவலாளிக்கு மூன்று. இரட்டைக் குழந்தை பெற்று நாற்பது நாளான பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு ஒன்பது. பெடல் வாங்க வந்த நெட்டைக் கித்தார்க்காரன், மத்தியானம் வரை தூங்கி எழுந்தவன், கால் வலிக்கும்வரை மிதித்தும் ஒன்றும் வரவில்லை. மிதிக்கிறவரின் களைப்பு எவ்வளவோ அவ்வளவுதான் பெட்டி கத்தியது. எந்த ஈயம், எந்தக் கம்பி என்று ஆராய்ந்தார்கள். அன்று ஈயம் மட்டும் வேறு கடையில் வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். அதே ஈயத்தில் செய்த மற்றப் பெட்டிகள் பேட்டரி கேட்டன.

அப்புறம் மாடிப்படியில் கூட்டம் நிற்காத நாளில்லை. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். 'நான்தான் ஓடாய்த் தேய்கிறேன்' என்று இருபது வருடம் வீட்டில் முழங்கிய ஒரு தலைமைக் குமாஸ்தா அரை மூடிகூட எழுப்பாமல் இறங்கிப்போனார். அதன்பின் அவர் வீட்டில் பாத்திரம் கழுவுவது அவர்தான். அரசு அலுவலகத்தில் விடுப்புக் கேட்டால் மூன்று மூடிக்குக் குறையாத சான்று கொண்டுவரச் சொன்னார்கள். பெயிண்ட் கடைக்காரர் வியாபாரத்தை மறந்து மூடி எண்ணுவதையே தொழிலாக்கிக்கொண்டார். ஆனால் யார் ஏறி மிதித்தாலும் மிதியக்காவின் பதினொன்றைத் தாண்டவில்லை. தெருவில் அவள் நடந்தால் வழிவிட்டார்கள், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். இருபத்தாறு வருடமாக அவள் உடம்புக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒன்றை ஊரே எண்ணிச் சொல்லிவிட்டது. அவளுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக நாற்காலிக்கு முன் நின்று அதைச் சொன்னாள்.

"பதினொண்ணு! தெரியுமா உங்களுக்கு? ஊர்லயே எனக்குத்தான்."

"இருக்காதா பின்ன" என்றார் வீட்டுக்காரர். ஜன்னலிலிருந்து திரும்பி, அவள் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

இந்த நிலையில்தான் வெளியூர்க் கம்பெனி ஒன்று பெடலைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பியது. மிதியக்காவின் சீட்டில் இரண்டு கட்டமும் நிரம்பியிருந்தால் பெரிய ஆர்டர். பன்னிரண்டு மேசையும் பிழைக்கும். ஒலிக்குக் குறையில்லை, நம்பகம்தான் பாக்கி. அவளோ சட்டம் பேசினாள். தராசை நம்புவதற்கு முன் வெறும் தட்டை வைத்துப் பார்க்க வேண்டுமா இல்லையா? களைப்பே இல்லாத கால் ஒன்று மிதித்து, பெட்டி வாயைத் திறக்காமல் இருந்தால்தான் மற்றதெல்லாம் செல்லும். முதலாளியைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளலாம் என்றால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தானும் உழைப்பவர்தான், அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சாதித்தார். பச்சைக் குழந்தையைப் பெட்டிமேல் நிறுத்த அதன் தாய் சம்மதிக்கவில்லை. மிதியக்கா ஒரு பகல் யோசித்தாள். உலகத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத பூஜ்யம் ஒன்று அவள் வீட்டிலேயே, பிரம்பு நாற்காலியில் இருந்தது.

வியாழக்கிழமை அவரைக் கிளப்பினாள். "ஒரு காலை வைக்கணும், எடுக்கணும். அவ்வளவுதான். அஞ்சு வருஷமா என்னத்த வெட்டி முறிச்சீங்க, இதையாவது செய்யுங்க" என்றாள். அவர் மறுக்கவில்லை, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். கம்பெனி ஆள், முதலாளி, கீழே எண்ணுவதற்குப் பெயிண்ட் கடைக்காரர் என்று எல்லோரும் தயார். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இடது காலைப் பெட்டிமேல் வைத்தார். அக்கா மீட்டினாள். முதலில் ஒன்றும் இல்லை. அவள் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அடியிலிருந்து ஏதோ கிளம்பியது. கத்தல் இல்லை அது. மிகத் தாழ்வாக, அவசரமே இல்லாமல், ஏறுவதற்குப் படி இன்னும் எத்தனை பாக்கி என்று பார்க்காமலே ஏறும் ஆள்போல வந்தது. முட்டை அட்டைகள் சுவரைவிட்டு இரண்டு விரற்கடை விலகி நின்றன. தெருவில் போன வண்டிகள் ஓரம்கட்டின. நாய்கள் படுத்துக்கொண்டன. கம்பெனி ஆள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து டையைத் தளர்த்தினார். கீழேயிருந்து பெயிண்ட் கடைக்காரரின் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பதினொன்றைத் தாண்டியபோது மிதியக்கா மீட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒலி நிற்கவில்லை. நாற்பத்தாறில் அந்தக் குரல் ஓய்ந்தது. எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி மூடி அரை அங்குலம் எழும்பியதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அது வேறு கடைச் சரக்கு.

"எடுத்துடட்டுமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். நாற்காலியில் இருக்கும்போது என்ன முகமோ அதே முகம்.

"எடுங்க."

அறை அமைதியானது. முதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். "பெட்டி கெட்டுப்போச்சுக்கா, வேறென்ன? சும்மா உக்காந்திருக்கிற மனுஷனுக்கு நாப்பத்தாறு எப்படி வரும்?"

"கோளாறாத்தான் இருக்கும்" என்றார் வீட்டுக்காரரும். "நான் ஒண்ணுமே பண்றதில்லையே."

பேனா அவள் கையில் இருந்தது. 'நம்பக் கூடாது' என்று இரண்டே வார்த்தை எழுதினால் போதும், அவளுடைய பதினொன்று தெருவிலும் பஸ்ஸிலும் வீட்டிலும் அப்படியே இருக்கும். முதலாளியே வழி சொல்லிக் கொடுத்துவிட்டார், புருஷனே சாட்சி சொல்லிவிட்டார். 'நம்பலாம்' என்று எழுதினாலோ அந்த நாற்பத்தாறையும் நம்ப வேண்டும். ஐந்து வருடம் அந்த நாற்காலியைப் பார்த்துப் பேசிய ஒவ்வொரு பேச்சையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது? மிதியக்கா பேனாவை மூடினாள். எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். சட்டப்படி ஆயிரம் மிதி பாக்கி இருந்தது.

அவர் மிதித்தார், அவள் எண்ணினாள். நூறாவதிலும் நாற்பத்தாறு, முந்நூறாவதிலும் நாற்பத்தாறு. பெயிண்ட் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் மூடிகளை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கிப்போய், ஐந்நூறுக்கு மேல் அமுக்குவதை விட்டுவிட்டார். மூடிகளும் அதற்குள் தாமாக எழுந்து தாமாக உட்காரப் பழகியிருந்தன. அறுநூற்றுச் சொச்சத்தில் அக்கா கேட்டாள்.

"எப்ப இருந்து?"

"தெரியல. ஆலை மூடறதுக்கு முன்னாடியே இருந்திருக்கும். அங்க இருந்தவரைக்கும் சைரன் அடிச்சா எழுந்திருச்சோம், அடிச்சா உக்காந்தோம். அது நின்னதும்..." அவர் மிதியைத் தவறவிடவில்லை. "சும்மா இருக்கிறதுல ஒரு கஷ்டம் என்னன்னா, அதுக்கு லீவே கிடையாது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"பன்னெண்டு வாளித் தண்ணியத் தூக்கிட்டு வர்றவகிட்ட, நான் களைச்சுப் போயிருக்கேன்னு எந்த வாயால சொல்றது?"

அறுநூற்று முப்பத்தொன்று, அறுநூற்று முப்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டு போனாள். ஆயிரமாவது மிதியிலும் நாற்பத்தாறு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் எந்தப் பெட்டியும் இவ்வளவு சீராக வந்ததில்லை. மிதியக்கா சீட்டை எடுத்து, எழுத்து கொஞ்சம் கோணலாகவே, 'நம்பலாம்' என்று எழுதினாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தாள்.

கம்பெனிக்காரர்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். மற்றப் பெட்டியில் இருப்பதுதான் இதிலும் இருந்தது. ஆகவே பேட்டரி போடும் சாதாரணப் பெடலாகவே நாலாயிரம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு மேசையும் பிழைத்தது. அந்த ஒரு பெட்டி மட்டும் முட்டை அட்டை அறையிலேயே தங்கியது. நம்பகம் என்பது ஒரு நாளில் முடிகிற காரியமில்லை என்று சொல்லி, வியாழக்கிழமைதோறும் வீட்டுக்காரரை அழைத்துவந்து அதே காலை வைக்கச் சொன்னாள் மிதியக்கா. தெருவே அன்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தது. கடைகள் அதற்கேற்றபடி நேரத்தை மாற்றிக்கொண்டன. வீட்டில் அவள் பேச்சு குறைந்தது. சாயங்காலங்களில் பொத்தான் மூட்டையை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அவர் ஒரு நாளைக்கு இரண்டு பொத்தான் தைத்தார், சில நாள் ஒன்று. நாத்தனார் வழக்கம்போல், "அண்ணன் ஓய்ஞ்சு போயிட்டாரு அண்ணி" என்றபோது, "நாப்பத்தாறு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டு வைத்தாள். இப்படி முதல் வருடம் நாற்பத்தாறு, இரண்டாம் வருடம் நாற்பத்தாறு, மூன்றாம் வருடமும் அதே.

நான்காம் வருடம், மழை விட்ட ஒரு வியாழக்கிழமை, கீழேயிருந்து நாற்பத்தைந்தோடு குரல் நின்றது. மிதியக்கா நம்பவில்லை. மறுபடி எண்ணச் சொன்னாள். நாற்பத்தைந்து. பெட்டியைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினாள், ஈயப்பற்றுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள், துரு இல்லை, தளர்வு இல்லை. துடைத்து மூடி, அவரை இன்னொரு ஆயிரம் மிதிக்கச் சொன்னாள். அவரும் மிதித்தார். ஆயிரமும் நாற்பத்தைந்து. அவள் சீட்டை எடுத்துத் தேதி போட்டு, 'பெடலில் கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதினாள்.