ஹமிதூ மீன் தின்ற கதை

1

இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் ஊர் பொபோ-தியுலாசோவின் வரலாற்றையும் பார்க்கவேண்டிய இடங்களையும் வெளிநாட்டுப் பயணிகளுக்காக இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதுதான் என் பிழைப்பு. இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன்.

‘நாட்டின் மேற்குப் பகுதிக்குத் தலைநகரான எங்கள் ஊரில், சுவரெங்கும் கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மண் மசூதி...’

(மசூதி எங்கும் ஓடிவிடாது. இருக்கட்டும்.)

2

‘பழைய பேட்டையின் ஆற்றில் கெளுத்தி மீன்கள் உண்டு. நாங்கள் தின்பதில்லை. செத்தால் மனிதரைப் போலக் கோடித்துணி சுற்றிப் புதைப்போம். யாராவது தின்றுவிட்டால்...’

தின்ற வீட்டில் ஒரு குழி வெட்டவேண்டி வரும் என்பார்கள். ஹமிதூவைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

3

ஹமிதூ மாடு வளர்க்கும் ஃபுலானி. நாங்கள் பொபோ. இரு கூட்டத்துக்கும் கேலி முறை. மாமன் மச்சான் மாதிரி, என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. ‘உங்க சாமி மீனை நேத்துதான் வறுத்துத் தின்னேன்’ என்று அவன் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறான். நாங்களும் சிரித்துவருகிறோம்.

போன வாரத்து மழையில் வெள்ளம் அவன் முற்றத்தில் ஒரு மீனை ஒதுக்கியது. சந்தைக்காரி தவறவிட்டது என்று நினைத்தானாம். (நம்புகிறேன்.) சமைத்து, மகள் டிக்கோவுக்கும் ஊட்டினான். மறுநாள் ஆற்றங்கரைப் பெண்கள் துடுப்புக் கிழிந்த பெரிய மீனைக் காணோம் என்று தேடியபோதுதான், தான் அரிந்த மீனின் கிழிந்த துடுப்பு அவனுக்கு நினைவு வந்தது. அன்று மாலையே டிக்கோவுக்குக் காய்ச்சல். மருந்துக்கு அடங்கவில்லை.

4

ஆற்றிடம் மன்னிப்பு வாங்கித் தரக்கூடியவர் பெரியவர் பக்காரி ஒருவர்தான். ஹமிதூ ஆற்றுக்குப் பலிகொடுக்கக் கோழியோடு போய் அவர் காலில் விழுந்தான்.

“பெரியவரே, நெசமாவே தின்னுட்டேன். புள்ளைக்குக் காய்ச்சல் எறங்கல.”

“அழுகை நல்லாத்தான்டா வருது. சாணி அள்ளுற பயலுக்கு எம்புட்டு நடிப்பு பாரு.”

சுற்றியிருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கேலி உரிமையில் கோழியையும் பிடுங்கிக்கொண்டார்கள். அது குழம்பாகிவிட்டது.

நான் சாட்சிக்குப் போனேன். வெள்ளைக்காரர்களுக்கு அளக்கிற கதையை என்னிடமே அளக்கிறாயா என்று பெரியவர் அதற்கும் சிரித்தார்.

5

முடிவு ஒன்று: காய்ச்சல் தானே இறங்குகிறது. (எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: கோடித்துணி வாங்கிவர ஹமிதூ...

இல்லை. எழுதினால் நடந்துவிடுமோ என்று பயம்.

இன்று காலை அவன் என் வாசலில் நின்றான். முகத்தில் கேலியின் சுவடே இல்லை.

“மாப்ளே, அவ கண்ணத் தொறக்க மாட்டேங்குறா. நான் சொல்றதுக்கு நீங்க யாரும் சிரிக்காம இருக்க என்னடா பண்ணணும்?”

அவனை உட்காரவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஊர் பார்க்க வந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் எங்களுக்கும் கேலி முறை கிடையாது. நீங்கள் சொன்னால் பெரியவர் சிரிக்க மாட்டார். மசூதியைத் தாண்டி ஆற்றுக்கு இறங்குகிற வழியில்தான் உட்கார்ந்திருக்கிறார். படித்துக்கொண்டே நிற்காதீர்கள், போய்ச் சொல்லுங்கள்.