நிறைந்து நின்ற காலித் தொட்டிகள்

நாற்பது தொட்டிகளையும் காலி செய்துவிட்டு வந்த மனுஷனைப் பார்த்து, ஒன்றைக்கூடத் தொடவில்லை என்று கணினி சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

குப்பை லாரி ஓட்டும் அவரை டிப்போவில் எல்லோரும் ‘பளிச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கைபட்ட தொட்டி அப்படி இருக்கும். மூன்று மாதத்துக்கு முன்பு மாநகராட்சி தெருத்தொட்டிகளின் மூடிக்குள் சென்சார் பொருத்தியது. குப்பை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அது அலுவலகத்துக்குச் சொல்லும். நிறைந்த தொட்டி திரையில் சிவப்பாகத் தெரியும்; லாரி உடனே போகும். தெருக்களில் நாற்றம் ஒழிந்தது. பளிச்சுவின் தொட்டிகள் மட்டும் எந்நேரமும் சிவப்பு.

அதற்குத் தண்டனையாக, திங்கள்கிழமை முதல் அவருக்கு ஊரின் மறுகோடி என்று உத்தரவு வந்துவிட்டது. இப்போதைய ரூட் முடிகிற இடத்தில் மனைவியின் தையல்கடை. பதினோரு வருஷமாக மதியச் சாப்பாடு அங்கேதான், துணித்துண்டுகளை ஒதுக்கிவிட்டு ஒரே மேசையில். அது போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை நேரே தரவுப் பிரிவில் போய் நின்றார். தொட்டிகளைக் காலி செய்யாத ஓட்டுநர்களின் சிவப்புப் பட்டியல் தயாரிக்கும் பெண் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“மேடம், நீங்களே வண்டியில ஏறி வந்து பாருங்க. நான் பொய் சொன்னா வழியிலேயே இறக்கி விட்டுடறேன்.”

“பொய் சொன்னா நான்தானே உங்களை இறக்கணும்?” என்றபடி கைபேசியை எடுத்துக்கொண்டு கிளம்பினார் அதிகாரி.

முதல் தொட்டி. பளிச்சு குப்பையைக் கொட்டினார், உட்புறத்தைத் துடைத்தார், புதுப் பையை விளிம்பைச் சுற்றி ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினார். மூடியைச் சாத்தினார். கைபேசியில் சிவப்பு மாறவில்லை.

“என் கண்ணு முன்னாடிதானே கொட்டினீங்க?”

“அதைத்தான் மூணு மாசமா தொண்டைத் தண்ணி வத்தச் சொல்றேன்.”

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியைத் தூக்கினார். அடியில் அடைபட்ட காற்றால் பை பந்துபோல உப்பி, விளிம்புவரை எழும்பி நின்றது; மூடியிலிருந்த சென்சாருக்கு அதுவும் குப்பைதான்.

“எல்லாரும் இப்படித்தான் கட்டுவாங்களா?”

“அவங்க சும்மா தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவாங்க. எனக்குக் கை வராது.”

அதிகாரி பையின் ஓரத்தைக் கொஞ்சம் தளர்த்தி, நடுவில் முஷ்டியால் ஒரு குத்து விட்டார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. மூடினதும் கைபேசியில் பச்சை.

அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணே, மூணு மாசமா உங்களைச் சோம்பேறின்னு எழுதி அனுப்பினது நான்தான்.”

“இன்னும் முப்பத்தொன்பது இருக்கு மேடம். ஆளுக்குப் பாதியா குத்திடலாம்.”

லாரியில் இருந்தே அதிகாரி டிப்போவுக்குப் பேசி உத்தரவை ரத்து செய்தார். பையின் ஓரத்தைத் தளர்த்தி அமுக்கிவிட்டு மூடுங்கள் என்று எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரு செய்தி போனது. நேரில் பார்க்காமல் இனி யார் பெயரும் சிவப்புப் பட்டியலில் ஏறாது என்று தன் பிரிவுக்கும் ஒன்று.

வழக்கமாக ஒரு மணிக்கே வந்துவிடுகிறவர் தையல்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள் மனைவி.

“திங்கக்கிழமைக்கு இப்பவே ஒத்திகையா?”

“திங்கக்கிழமையும் இங்கதான்,” என்று நடந்ததைச் சொன்னார் பளிச்சு.

“வீட்டுல ஒரு நாளாவது படுக்கை விரிப்பை இப்படி இழுத்துக் கட்டியிருக்கீங்களா?” என்றவள், கைகழுவ இடம் தேடி வாசலில் நின்ற அதிகாரியைப் பார்த்தாள். பிறகு துணித்துண்டுகளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒதுக்கினாள்.