ஆமைப்பாறை வகையறா

ஆமைப்பாறைப் புல் சேலத்திலிருந்து முதல் தடவை தானாகத் திரும்பி வந்தது ஐப்பசி மாதத்தில், தக்காளி கிலோ அறுபதுக்கு விற்ற வாரத்தில். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கினால் ஆமைப்பாறைக் கொட்டாய் வரும். ஊருக்கு மேற்கே ஆமை முதுகாட்டம் கவிழ்ந்து கிடக்கிறது பாறை, அதன் அடியில் குள்ளம்மாளின் கேழ்வரகுக் காடு. அன்று காலை ஆடுகளை மேலே ஓட்டிக்கொண்டு போன குள்ளம்மாள், முந்தின வாரம் வேரோடு பெயர்த்துக்கொண்டு போன புல், அதே வெடிப்பில் பழையபடி குந்தியிருப்பதைப் பார்த்தாள். இலைகளில் செய்தித்தாளின் எழுத்து படிந்திருந்தது. ஒன்றில் 'நாளை மின்தடை' என்று இருந்தது. ஊரே செல்போனுக்குச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டது. அது போன மாதத்துப் பேப்பர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

புல்லைப் பெயர்த்துக்கொண்டு போனவள் அமுதவல்லி. பாப்பிரெட்டிப்பட்டிக்காரி, சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு. மண்ணில் முளைக்கிற புல் அவளுக்கு வேண்டாம், பாறையில் முளைக்கிறதுதான் வேண்டும். கழுத்தில் லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு உச்சி வெயிலில் பாறைமேல் குப்புறப் படுத்துக் கிடப்பாள். கிரானைட்டுக்கு அளவெடுக்க வந்தவள் என்று நினைத்து முதலில் ஊரில் யாரும் முகம் கொடுக்கவில்லை. குள்ளம்மாளின் தம்பி தீர்த்தகிரிதான் ஒரு நாள் நேராகவே போய்க் கேட்டுவிட்டான். கதிர் எப்படி அடுக்கியிருக்கிறது, உமியின் நுனியில் முள் எத்தனை என்றெல்லாம் பார்த்து, எந்தப் புல் எந்தப் புல்லுக்குச் சொந்தம் என்று பிரிப்பதுதான் தன் வேலை என்றாள் அமுதவல்லி. "எந்த வகையறான்னு பாக்குறீங்க. அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லங்க" என்றான் தீர்த்தகிரி. எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனாலும் சரி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரோடு பேச்சுக் கொடுத்தாலும் சரி, அந்தக் கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பிக்கும். அதற்கப்புறம் பாறைக்கே அவளுக்கு மோர் போயிற்று.

அந்தப் புல் ட்ரைபோகன் வகையறா. அப்படியென்றால் மூணு தாடி என்று அர்த்தமாம். உமியின் நுனியில் மூன்று முள்மயிர் நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். மழை இல்லாவிட்டால் செத்த புல்லாகக் கிடந்து, ஒரு தூறல் விழுந்ததும் பச்சையாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஆமைப்பாறைப் புல்லுக்கு நடு மயிர் மட்டும் சுருண்டிருந்தது. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று கிடையாது. புத்தம் புது இனம். அமுதவல்லி பாறைமேல் தனியாக ஒரு ஆட்டம் ஆடியதை ஆடுகள் பார்த்திருக்கின்றன. ஆனால் புது இனம் என்று வாயால் சொன்னால் போதாது, போட்டோவும் செல்லாது. புல்லைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்து, நாளைக்கு எவர் வந்து சந்தேகம் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிற மாதிரி கல்லூரி பீரோவில் வைக்க வேண்டும். பீரோவில் இல்லாவிட்டால் அப்படி ஒரு புல்லே உலகத்தில் இல்லை. அமுதவல்லியின் ஆராய்ச்சிப் பதிவு டிசம்பரோடு முடிகிறது. இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது, இனிக் கிடையாது. புல் பீரோவில் நிற்காவிட்டால் அவள் வெயிலில் வெந்த ஆறு வருஷமும் தண்ணீரில் எழுதியதுதான்.

இரண்டாம் தடவையும் புல் வந்துவிட்டது. பீரோக்களைப் பார்த்துக்கொள்கிற ஜாஸ்மின்தான் கவனக்குறைவாக இருந்துவிட்டாள் என்று அமுதவல்லி அவளோடு சண்டைக்குப் போனாள். ஜாஸ்மின் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினாள். புல் உள்ளிருந்து கதவைத் திறந்துகொண்டு இறங்கி, நின்று, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனது. வளர்ப்பு சரியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொப்பூர்க் கணவாயில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். ரோட்டோரமாக ஒதுங்கி, வண்டிக்கு வழிவிட்டு ஏறிக்கொண்டிருந்ததாம். அவர்களில் ஒருவர் லிஃப்ட் வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் இல்லையாம்.

மூன்றாம் தடவை அமுதவல்லியின் பேராசிரியர் மாதவராஜ் தானே காரில் வந்து எடுத்துப்போனார். கைக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வைத்து அழுத்தி, பீரோவுக்கு இரண்டு பூட்டுப் போட்டார். புல் வந்துவிட்டது. அமுதவல்லி பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மேலே ஏறி வந்த குள்ளம்மாள் அவளைத் தேற்றவில்லை, புல்லின் பக்கத்தில் குந்தி இலையை விரித்துப் படித்தாள். 'மணமகன் தேவை' என்று தெளிவாக அச்சாகியிருந்தது. மாதவராஜ் எடுத்தது கல்யாண விளம்பரப் பக்கம்.

"பொண்ணை அனுப்புற மாதிரியா அனுப்புனீங்க?" என்றாள் குள்ளம்மாள். "பழைய பேப்பர்ல சுருட்டித் தூக்கிட்டுப் போனா எந்தப் பொண்ணு போன எடத்துல நிக்கும்? மடி நெறைச்சு, மாமங்காரன் கூடப் போய் வுட்டுட்டு வரணுமில்ல?"

அமுதவல்லிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. திட்டு விழும் என்று பயந்துகொண்டேதான் பேராசிரியருக்குப் போன் போட்டாள். இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்த மனுஷன் அவர். மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் கிடையாது, கார்த்திகைக்குள் முகூர்த்தம் இருக்கிறதா பார் என்றார். கடைசியாக ஒன்றே ஒன்று இருந்தது.

பேச்சுவார்த்தை சுலபமாக முடியவில்லை. பெண்ணுக்குத் தாடி இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஊரில் சிலர் நியாயம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் தட்டோடு வந்த ஜாஸ்மின், தாடி தங்களுக்குத் தெரியும், அதைப் பார்த்துத்தான் பிடித்தது என்றாள். அடுத்தது வகையறாச் சிக்கல். அந்த பீரோவில் இருப்பது பூராவும் ட்ரைபோகன், பங்காளி வீட்டுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று தீர்த்தகிரி கையை விரித்துவிட்டான். ஜாஸ்மின் யோசித்து, உள்ளே இருக்கிறவர்கள் பங்காளிகளாகவே இருந்துவிட்டுப் போகட்டும், மாப்பிள்ளை பீரோதான், அது இரும்பு வகையறா என்றாள். மாப்பிள்ளையின் வயிற்றுக்குள் மச்சான்மார்கள் உட்கார்ந்திருப்பது என்ன முறை என்று யோசித்தால் தலை சுற்றும். ஆனால் கல்யாணம் என்று கூடிவிட்டால் நம் ஆட்கள் கண்டுபிடிக்காத முறை உண்டா என்ன? தட்டு மாற்றினார்கள்.

முகூர்த்தத்தன்று ஆமைப்பாறையின் மேல் மட்டும் தூறியது. கீழே கேழ்வரகுக் காட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. பாறையில் கருகிக் கிடந்த புல்லெல்லாம் பச்சையாக எழுந்து வரிசைகட்டி நின்றன. பச்சரிசி, மஞ்சள், வெல்லம், தேங்காய், பாறைத் துகள் ஒரு பிடி, எல்லாவற்றையும் புதுத்துணியில் புல்லோடு சேர்த்துக் கட்டிய குள்ளம்மாள், ஆடு விற்றபோதுகூட அழாதவள், மூக்கைச் சிந்திக்கொண்டே ஆடிக்கு அழைத்துக்கொள்கிறோம் என்று புல்லிடம் சொல்லி அனுப்பினாள். தாய்மாமன் தீர்த்தகிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். கண்டக்டர் பெண்ணுக்கு ஜன்னலோர சீட்டு ஒதுக்கிக் கொடுத்தார். தொப்பூர் இறக்கத்தில் புல் லேசாக நடுங்கியது, மாமன் தடவிக்கொடுத்தான்.

அதற்கப்புறம் புல் வரவில்லை. ஜாஸ்மின் அதை இடுப்பில் வெள்ளை நூல் போட்டு அட்டையில் தைத்தாள். மார்கழி முழுக்க அமுதவல்லி விடிந்ததும் முதல் வேலையாக பீரோவைத் திறந்து பார்ப்பாள். புல் நின்றது. டிசம்பர் முடிவதற்குள் ஆய்வேடு உள்ளே போய்விட்டது. புது இனத்துக்குப் பேராசிரியரின் பெயரை வைப்பதுதான் வழக்கம், அவரே வேண்டாம் என்றுவிட்டார். ட்ரைபோகன் குள்ளம்மாலியே என்று வைத்தாள் அமுதவல்லி. ஊரில் எல்லாருக்கும் அப்பன் பெயர் முன்னால் இருக்கிறது, எங்கள் பெண்ணுக்கு ஆத்தா பெயர் பின்னால் இருக்கிறது என்று குள்ளம்மாள் வாரச்சந்தையில் எல்லாரிடமும் சொல்லி முடித்தபோது சந்தையே கலைந்துவிட்டிருந்தது.

அடுத்த ஆடி முதல் நாள், ஜாஸ்மின் பீரோவைத் திறந்தாள். அட்டை இருந்தது, பெயர்ச்சீட்டு இருந்தது, புல் இல்லை. மூடிவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள். அந்த வாரம் பாலக்காட்டிலிருந்து புல் ஆராய்ச்சியாளர் ஒருவர் அதைப் பார்க்கவென்றே வந்து நின்றார். "ஆடிக்குத் தாய் வூட்டுக்குப் போயிருக்குங்க. ஆவணியில வாங்க" என்றாள் ஜாஸ்மின். அவருக்கும் வீட்டில் புது மருமகள் இருந்தாள். ஆவணிக்கு ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டு போனார்.

ஆடி ஒன்றுக்கு எங்கள் பக்கம் தேங்காய் சுடுவார்கள். பிள்ளைகள் ஓடைக்கரையில் தீ மூட்டிக்கொண்டிருந்தபோது, டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு அமுதவல்லியும் வந்திருந்தாள். சுட்ட தேங்காயை உடைத்து, உள்ளே வெந்திருந்த பொட்டுக்கடலையும் வெல்லமும் கொஞ்சம் இலையில் வைத்து எடுத்துக்கொண்டு குள்ளம்மாளும் அவளும் பாறைமேல் ஏறினார்கள். மழை இல்லாமல் பாறைப் புல்லெல்லாம் கருகிக் கிடக்க, வெடிப்பில் அது ஒன்று மட்டும் இடுப்பில் வெள்ளை நூலோடு பச்சையாக உட்கார்ந்திருந்தது. குள்ளம்மாள் இலையை அதன் முன்னால் வைத்துவிட்டு, குந்தி, மேலும் கீழும் பார்த்தாள்.

"சேலத்துல ஒழுங்காச் சோறு போடுறாங்களா இல்லையாடி?" என்றாள். "இப்படித் தட்டையாப் போயிட்ட."