பாரமில்லை என்று வந்த கடிதம்

யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் மக்டலீனுக்குக் கை சும்மா இருக்காது. வருகிறவர் விருந்துக்கு வருகிறாரா, விசாரணைக்கு வருகிறாரா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. 2004 மாசியில், வீடு மாற்றித் தரும் நகரசபைக் கந்தோரிலிருந்து உன்னி என்ற பெண் பார்வையிட வருகிறாள் என்று கடிதம் வந்ததும், மூன்று நாள் வீட்டைத் தேய்த்துக் கழுவினாள். குளியலறை ஓடுகளுக்கு இடையில் இருந்த கறுப்பைக்கூடப் பழைய பல் பிரஷ் வைத்துச் சுரண்டினாள்.

வீடு ஒஸ்லோவின் வெய்ட்வெட் பகுதியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். மகள் மேரினுக்கு ஐந்து வயது. பார்னஹாகன் என்ற பாலர் பள்ளிக்குப் போகிறாள். முதுகெலும்பு மூடாமல் பிறந்தவள். பிறந்த இரண்டாம் நாளே முதுகில் கத்தி வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டும். சக்கர நாற்காலி கீழே படிக்கட்டுக்கு அடியில் நிற்கும். மேரினை மக்டலீன்தான் தூக்கி ஏற்றி இறக்குவாள். கணவன் அருளானந்தனுக்குத் தபால் நிலையத்தில் அதிகாலை வேலை, உதவிக்கு ஆளில்லை. கீழ்வீடு ஒன்று கிடைத்தால் போதும். அதற்குத்தான் மனுப் போட்டிருந்தார்கள்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. மக்டலீன் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவியைக் கட்டிலிலிருந்து தனியாகத் தூக்கினால் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைக்கும். இரண்டு பேர் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கும் இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டும். வீட்டில் பதினெட்டுக் கிலோவைத் தினமும் நாற்பத்தாறு படி சுமப்பதற்கு ஒரு சட்டமும் இல்லை.

உன்னி வந்த நாளில் மேரின் பூப்போட்ட சட்டையுடன் சோபாவில் ராசாத்தி மாதிரி உட்கார்ந்திருந்தாள். குழாய்ப் பெட்டிகள், துவாய்கள், கால் கவசங்கள் எல்லாம் கட்டிலுக்குக் கீழே போயிருந்தன. மேசையில் ரோல்ஸும் கேக்கும். உன்னி நல்ல மனுஷி, மூன்று ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, "இவளைத் தூக்குவது உங்களுக்குப் பாரமாக இல்லையா?" என்று கேட்டாள்.

மக்டலீன் சிரித்தாள். மேரின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பிள்ளை எனக்கு எப்படிப் பாரமாகும்?" என்றாள் நொர்வீஜிய மொழியில், தெளிவாக.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. தாய் நன்றாகச் சமாளிக்கிறார். பிள்ளையைத் தூக்குவது தனக்குப் பாரமில்லை என்று அவரே கூறினார். ஆகவே வீடு மாற்றும் தேவை தற்போது இல்லை.

அருளானந்தன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சூசைரட்ணம் அண்ணரிடம் போனான். மாதா கோயிலுக்கு வரும் சனத்துக்கெல்லாம் கந்தோர்க் கடிதம் எழுதிக்கொடுப்பவர் அவர். வாசித்துவிட்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, வீட்டைக் காட்டச் சொன்னா மாப்பிளை வீட்டாருக்குக் காட்டின மாதிரியெல்லோ காட்டியிருக்கிறீர். அந்த மனுசி இஞ்சை குறை பார்க்க வந்தவள். குறையை ஒளிச்சு வைச்சா அவள் எதை எழுதுறது?"

"வீடு குப்பையாக் கிடந்தா எங்கடை ஆக்களைப் பற்றி என்ன நினைப்பினம், அண்ணை?"

"நினைக்கட்டும். திரும்பவும் வந்து பார்க்கச் சொல்லி நான் எழுதுறன். இந்த முறை ஒண்டையும் எடுத்து வைக்காதையும். கேட்டா, பாரம் எண்டு சொல்லும்."

"பிள்ளைக்கு முன்னாலையோ?"

சூசைரட்ணம் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வைகாசியில் உன்னி மறுபடி வந்தாள். இந்த முறை கீழேயே நின்று, மேரினைத் தூக்கிக்கொண்டு ஏறும்படி கேட்டாள். மக்டலீன் ஏறினாள். இரண்டாம் மாடியில் வழக்கம்போல நின்று, வெளியே எதையோ பார்ப்பதுபோல யன்னல் பக்கம் திரும்பினாள். முதுகில் கொதிநீர் ஊற்றியதுபோல இருந்தது. வாயை மூடியபடி மூச்சு வாங்குவது அவளுக்குப் பழகிப்போன வித்தை. பின்னால் வந்த உன்னியும் இரண்டு படி கீழே நின்று பார்த்தாள்.

உள்ளே எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. குழாய்கள் கதிரையில், கவசங்கள் நிலத்தில். மக்டலீனுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. மேசையில் வெறும் கோப்பி மட்டும்.

உன்னி தாளை எடுத்து வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டாள். தூக்குவது பாரமாக இருக்கிறதா?

மேரினை அறைக்குள் விட்டுவிட்டு வரலாம்தான். ஆனால் கதவைச் சாத்தினால் கதை தன்னைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நொர்வீஜிய மொழியோ அம்மாவைவிட அவளுக்கு நன்றாக விளங்கும். பிரசவ வலியை மக்டலீன் தாங்கியிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குழந்தையைக் கத்திக்குக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றிருக்கிறாள். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் உடம்பு முழுக்க மறுத்தது. சொல்லாவிட்டால் இன்னொரு கடிதம் வரும். இன்னும் ஒரு வருடத்தில் தன்னால் இவளைத் தூக்கவே முடியாமல் போகும்.

"ஓம்," என்றாள். பிறகு நொர்வீஜிய மொழியில், "பாரம்தான். சரியான பாரம். என் முதுகு போய்விட்டது."

சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தாள்.

மேரின் அழவில்லை. தமிழில், சாதாரணமாக, "எனக்குத் தெரியும் அம்மா," என்றாள். "அதுதான் நான் பார்னஹாகனிலை சாப்பிடுறேல்லை. நீங்கள் தந்துவிடுற பாணை ஐடாவுக்குக் குடுக்கிறனான். சாப்பிட்டா இன்னும் பாரமாயிடுவன் எல்லோ."

உன்னி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்கிறாள்?"

மேரின் பார்னஹாகன் போய் மொழி பழகும்வரை வைத்தியர்களுக்கும் மகளுக்கும் இடையில் மொழிபெயர்த்தவள் மக்டலீன். வலிக்கும் என்பதைக் கொஞ்சம் கூசும் என்று மாற்றுவாள். நடக்கமாட்டாள் என்பதைப் பிறகு பார்ப்போம் என்று மாற்றுவாள். இப்போதும் ஒரு பொய் நுனிநாக்கில் வந்து நின்றது. பசிக்குதாம் என்று சொல்லலாம். உன்னி நம்பிவிடுவாள்.

மக்டலீன் எல்லாவற்றையும் சொன்னாள். பாணையும் சொன்னாள், ஐடாவையும் சொன்னாள், பாரமாகிவிடுவேன் என்றதையும் சொன்னாள். ஒரு சொல்லைக்கூட விடவில்லை.

உன்னியின் பேனை தாளில் படாமல் நின்றது.

"எழுதுங்கள்," என்றாள் மக்டலீன். "அதையும் எழுதுங்கள்."

வீடு கிடைத்தது. ஆடி மாதத்தில் கடிதம் வந்தது. நாலு ரயில் தரிப்பிடம் தள்ளி, தரைமட்டத்தில், வாசற்படி இல்லாத வீடு. அருளானந்தன் அதை இரண்டு தரம் உரத்து வாசித்தான். மக்டலீன் அப்போது மேரினுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள்.

"காணும் அம்மா," என்றாள் மேரின்.

மக்டலீன் கையில் கவளத்தோடு மகளின் முகத்தைப் பார்த்தாள். வயிறு நிறைந்துதான் சொல்கிறாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.