நித்திரைக்கு நாலு டயர்

நிரோஜாவுக்கு வீட்டில் நித்திரை வராது. கட்டிலில் வராது, பாயில் வராது, கதிரையில் சாய்ந்தாலும் வராது. ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசை நாலு நாள் வேலை செய்துவிட்டு ஐந்தாம் நாள் கையை விரித்துவிட்டது. ஆனால் கணவன் சுமனுடைய பழைய பிக்கப்பில் ஏறி முன்சீற்றில் இருந்தால் போதும். வண்டி காட்டுப் பாதையை விட்டுத் தார் றோட்டில் ஏறிக் கொஞ்சத் தூரம் போவதற்குள் அவளுடைய தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்துவிடும். கலியாணம் கட்டிய இந்த நாலு வருசத்தில் அவள் நித்திரை என்று கொண்டதெல்லாம் ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடையில்தான்.

சுமனுக்கு வாடகை ஓட்டம்தான் தொழில். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காட்டோரத் தோட்டங்களில் பூசணியும் கச்சான் கடலையும் ஏற்றிக்கொண்டு மாங்குளத்துக்குப் போவான், சில நாள் கிளிநொச்சிக்கும் போவான். மனைவியின் நித்திரை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவளை விட்டுவிட்டுப் போவதில்லை. "பக்கத்தில ஒரு ஆள் கதைச்சுக்கொண்டு வந்தாத்தான் எனக்குக் கண் சொக்காது" என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவான். கதைக்க வந்தவள் குறட்டை விடுவாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டுவான்.

அந்தக் காலை ஓட்டங்களை நினைத்தால் சுமனுக்கு இப்போதும் நெஞ்சு குளிர்ந்துபோகும். குளத்திலிருந்து எழும்பும் பனிப்புகார் றோட்டுக்குக் குறுக்கே பால்போலக் கிடக்கும். அதற்குள்ளிருந்து ஒரு மயில் நடந்து வந்து, வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் விலகும். இரண்டு பக்கமும் மரங்கள் பின்னால் போய்க்கொண்டேயிருக்கும். பக்கத்தில் அவளுடைய மூச்சு ஏறும், இறங்கும். அந்த நேரத்தில் அவனுக்கு உலகத்தில் ஒருவரோடும் கோபம் இருப்பதில்லை.

நித்திரைக்குக் காரணம் டயர்களின் சத்தம்தான் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் தேய்ந்த அந்தப் பழைய டயர்கள், தார் றோட்டில் ஏறியதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் போடும். யாரோ வாய் திறக்காமல் தாலாட்டுவது மாதிரி இருக்கும். அவள் அதைக் கேட்டுத்தான் உறங்குகிறாள் என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் சுமன் ஒன்றை நம்பிவிட்டான் என்றால் அதை அவன் மண்டையிலிருந்து கழற்ற ஜாக்கி வைத்துத்தான் தூக்க வேண்டும்.

ஐப்பசி மழை இரண்டு தரம் பெய்ததும் அந்தத் தாலாட்டுக்கு முடிவு வந்தது. அவர்களுடைய வீட்டுக்குப் போகிற மண் பாதையில், வாய்க்கால் குறுக்கிடுகிற ஒரு பள்ளம் இருக்கிறது. மொட்டை டயர்கள் அதில் இறங்கி நின்ற இடத்திலேயே சுழலும். நித்திரையிலிருப்பவளை எழுப்பி இறக்கி, இருவருமாகக் கொப்பு முறித்துச் சக்கரத்துக்குக் கீழே போட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஒரு கிழமையில் மூன்று தரம் இப்படி நடந்தது. மூன்றாம் தரம், சேற்றில் நின்றபடி அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. அடுத்த நாள் மத்தியானம் சுமன் வண்டியைத் தண்ணீரூற்றுக்கு, பாஹிம் நானாவின் டயர் கடைக்கு விட்டான்.

பாஹிம் சின்ன வயதில் இங்கிருந்து புத்தளத்துக்குப் போய், அங்கே தொழில் பழகி, தாடி நரைக்கிற காலத்தில் திரும்பி வந்து கடை போட்டவர். வாய் கொஞ்சம் நீளம். நிரோஜாவுக்கு ஒரு கதிரையும் பிளேன்ரீயும் கொடுத்துவிட்டு வந்து, முன் டயரின் பற்களுக்கு இடையிலுள்ள காடிக்குள் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"நகம் கூட இறங்கேல்லையே. இது ரயரில்லைத் தம்பி, சவுக்காரக் கட்டி."

"அதுதானே நானா வந்தனான். எனக்குத் தார் றோட்டுக்கும் வேணும், பள்ளத்துக்கும் வேணும்."

பாஹிம் மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாத்தினார்.

"இது தார் றோட்டுக்கு. சத்தமே இராது. ஆனா உங்கட பள்ளத்தில இறங்கினா ஏறாது. அந்தா அது சேத்து ரயர். பல்லைப் பாருங்கோ, எவ்வளவு பெரிசு. சேத்துக்க எருமை மாதிரிப் போகும். தார் றோட்டில ஊ எண்டு கத்தும், ஈரத்தில பிரேக் பிடிச்சா இழுத்துக்கொண்டும் போகும். இது ரெண்டுக்கும் நடுவில. நடுவில கட்டையான பல்லு, ஓரத்தில அகலமான காடி. தார் றோட்டையும் பிடிக்கும், சேத்தையும் கழட்டி எறியும். உங்களுக்கு இதுதான் சரி."

"இது என்ன சத்தம் போடும் நானா?"

"என்ன?"

"ஓடேக்க. என்ன மாதிரிச் சத்தம் வரும்?"

பாஹிம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது வருசமா ரயர் விக்கிறன். எல்லாரும் எவ்வளவு காலம் உழைக்கும் எண்டு கேப்பினம். நீங்கள் ரயர் வாங்க வந்தனீங்களோ, றேடியோ வாங்க வந்தனீங்களோ?"

சுமன் நிரோஜா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி விசயத்தைச் சொன்னான். சொல்லும்போதே இது பைத்தியக்காரக் கதை என்று அவனுக்குத் தெரிந்தது. காது சூடாகியது. ஆனால் பாஹிம் சிரிக்கவில்லை. கதிரையில் வெறும் கோப்பையைப் பிடித்தபடி இருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு டயராக உருட்டி, உள்ளங்கையால் தட்டிப் பார்க்கத் தொடங்கினார். சுமனும் குனிந்து காதைக் கொடுத்தான். மத்தியான வெயிலில் இரண்டு வளர்ந்த ஆம்பிளைகள் டயர்களுக்கு நாடி பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பல்லு எல்லாம் ஒரே அளவெண்டா ஒரே ராகமாக் கத்தும்" என்றார் பாஹிம். "சின்னனும் பெரிசுமா மாத்தி வெட்டியிருந்தா சத்தம் கலைஞ்சு தணிஞ்சிடும். இந்த நடு ரயர் கலைஞ்ச சாதி. பழைய ராகம் வராது தம்பி. பொய் சொல்லி விக்கமாட்டன்."

"அப்ப பின்னுக்கு மட்டும் புதுசைப் போடுவம். முன்னுக்குப் பழைய ரெண்டும் நிக்கட்டும்."

"விசரே? மாரி வருது. ஈரத் தாரில உந்த ரெண்டும் வழுக்கினா, பிறகு அவவுக்கு வாற நித்திரை வேற நித்திரை."

நாலு சக்கரத்துக்கும் நடு டயரையே போட்டார்கள். பாஹிம் டயரின் பக்கத்தில் குத்தியிருந்த நாலு இலக்கத்தைத் தடவிக் காட்டி, இந்த வருசத்துச் சரக்குத்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பழைய டயர்கள் கடைக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்றாகப் போய்க் கிடந்தன. சுமனுக்கு அழுகை வரும்போலிருந்தது. டயருக்கு அழுதவன் என்ற பெயர் வேண்டாமென்று அடக்கிக்கொண்டான்.

முள்ளியவளை தாண்டியதும் மழை தூறியது. புது டயர்கள் 'ஸ்ஸ்ஸ்' என்றன, அரிசி களைவது மாதிரி. சுமன் வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் பார்த்தான். நிரோஜா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு றோட்டைப் பார்த்தாள். காற்று சரியோ என்று பார்க்கிற சாட்டில் வண்டியை நிறுத்தி இறங்கினான். திரும்பி ஏறும்போதும் அவள் விழித்திருந்தாள். இன்னும் கொஞ்சத் தூரம் போய், நட்டு இறுக்கம் பார்க்கவென்று நிறுத்தினான். மூன்றாம் தரம் நிறுத்தியபோது அவனிடம் சாட்டு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தான். தான் அவளுடைய நித்திரையைக் கொண்டுபோய்ப் பாஹிமின் கடைக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்துவிட்டதாக நினைத்தான்.

"என்னங்கோ இண்டைக்கு உங்களுக்கு?" என்றாள் நிரோஜா. "நிண்டு நிண்டு போறீங்கள். நிக்காம ஓடுங்கோ. நிக்காம ஓடினாத்தானே எனக்கு நித்திரை வரும்."

"ரயர்ச் சத்தம்... பழைய மாதிரி இல்லையெல்லோ?"

"என்ன சத்தம்?"

சுமன் அவளையே பார்த்தான். அவள் விளையாடவில்லை.

"சண்டை நேரம் உருத்திரபுரத்தால வெளிக்கிடேக்க எனக்குப் பதின்மூண்டு வயசு" என்றாள் அவள், கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்தபடி. "அப்பாதான் ட்ரக்டர் ஓடினவர். பின் பெட்டியில கூரைத் தகரம், நெல்லு மூட்டை, அதுக்கு மேல மெத்தை, மெத்தைக்கு மேல நான். ஓடுமட்டும் நல்ல நித்திரை. நிண்டா முழிச்சிடுவன். நிண்டா இறங்கோணும், இறங்கினா பங்கர் வெட்டோணும், பிறகு ஷெல்லடி எல்லாம் துவங்கிடும். நிக்கிற நேரமெல்லாம் 'அப்பா, வந்திட்டமோ?' எண்டு கேப்பன். 'இன்னும் இல்லைப் பிள்ளை, படு' எண்டுவார். உடையார்கட்டு வந்தும் அப்பிடித்தான் சொன்னவர்." கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தாள். "கடைசிமட்டும் அவர் ஓம் எண்டு சொல்லேல்லை."

"நாலு வருசமா நீ எனக்கு இதைச் சொல்லேல்லையே, நிரோ."

"நீங்கள் கேக்கேல்லையே."

சுமன் கியரைப் போட்டான். அதன்பிறகு பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மழை, காடு, ஈரத் தார், ஒரே சீரான சக்கரம். ஒட்டுசுட்டானுக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கும்போது அவளுடைய தலை கண்ணாடியில் மெல்ல முட்டுகிற சத்தம் கேட்டது. தெரிந்தவன் ஒருவன் பஸ் தரிப்பிடத்தில் நின்று கை காட்டினான். சுமன் அவனைக் காணாதவன்போலப் போனான். அந்தாள் அடுத்த கிழமை சண்டைக்கு வருவான், வரட்டும்.

மண் பாதை வந்தது. பிறகு பள்ளம் வந்தது, நேற்றையைவிட ஆழமாக, தேத்தண்ணி நிறத்தில் நிரம்பி. சுமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிற்காமல் இறக்கினான். சேறு கதவு உயரத்துக்கு அடித்தது. பின்சக்கரம் ஒருதரம் தடுமாறி, அடியில் எதையோ கவ்விப் பிடித்து, வண்டியை அலுங்காமல் அக்கரையில் ஏற்றிவிட்டது. நிரோஜாவின் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாஹிம் நானாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும்போல சுமனுக்கு இருந்தது.

அவர்களுடைய வீட்டுப் படலை வந்தது. சுமன் நிறுத்தவில்லை.

படலையைக் கடந்து, குளக்கட்டில் ஏறி, குளத்தைச் சுற்றி வந்தான். மழை விட்டு, மேற்கில் மஞ்சள் வெயில் இறங்கியிருந்தது. தண்ணீரில் வானம் கிடந்தது. வண்டி றோட்டில் போகிறதா, வானத்து ஓரமாகப் போகிறதா என்று அவனுக்கே பிடிபடவில்லை. குளக்கட்டில் மாடு சாய்த்துக்கொண்டு போன இராசமலர் அக்கா முதல் சுற்றில் சிரித்தா, இரண்டாம் சுற்றில் வாயில் கை வைத்தா, மூன்றாம் சுற்றில், இந்தப் பெடியனுக்குத் தட்டிவிட்டது என்று முடிவெடுத்து மாட்டோடு பேசத் தொடங்கினா. அப்போது டீசல் விளக்குச் சிவந்தது.

இனி நிறுத்தத்தான் வேண்டும். படலையடியில் வண்டியை மெதுமெதுவாகக் கொண்டுவந்து, சக்கரம் கடைசியாக உருண்டு நிற்கும்வரை பார்த்து, திறப்பைத் திருகினான். எஞ்சின் அடங்கியது. எங்கும் ஒரு சத்தமில்லை.

நிரோஜா அசைந்தாள். கண் திறக்கவில்லை. புருவம் மட்டும் சுருங்கியது.

"அப்பா, வந்திட்டமோ?"

சுமன் அவளுடைய கையைப் பிடித்தான்.

"ஓம் பிள்ளை," என்றான். "வந்திட்டம். படு."

அவளுடைய புருவம் தளர்ந்தது. தலை மறுபடி கண்ணாடியில் சாய்ந்தது, மூச்சு நீளமாகியது. சுமன் கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். நாலு புது டயர்களும் சேறு காயக் காய அசையாமல் நின்றன. அவள் நித்திரையாக இருந்தாள்.