ரோஜாக்காவின் கை

அண்ணனின் பேக்கரியில் கேக் மீது கிரீம் ரோஜா பிழிய அவளை விட்டால் ஆளில்லை. அதனால் எல்லோருக்கும் அவள் ரோஜாக்கா. சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. இவ்வளவு சாப்பாட்டுக்கு இவ்வளவு இன்சுலின், சாப்பாடு குறைந்தால் ஊசியும் குறையும். அந்த மனக்கணக்கில் அவள் புலி. ஆனால் புலிக்கும் ஒருநாள் கணக்கு தப்பியது. சர்க்கரை சட்டென்று இறங்கி, எந்த அறிகுறியும் காட்டாமல், எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள்.

அதற்குப் பிறகுதான் புதுச் சிகிச்சை. ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த, இன்சுலின் சுரக்கும் செல்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். ஊசி மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் தேவையே இல்லாமல் போயிற்று. கணக்குப் போடாமல் ஒரு துண்டு கேக்கைத் தின்றுவிட்டு அவள் விக்கி விக்கி அழுதாள். வந்த செல்களை உடம்பு அடித்து விரட்டாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த மாத்திரை கையை நடுங்க வைத்தது. கையை நம்பிப் பிழைக்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான பக்கவிளைவை யாரும் தேடிப் பிடித்திருக்க முடியாது. ரோஜா பிழிந்தால் முட்டைக்கோஸ் வந்தது.

"நீ பேசாம கல்லாவுல உக்காரு. ரோஜாவுக்கு வேற ஆளப் பாக்கறேன்," என்றான் அண்ணன்.

அவளுக்குச் சுருக்கென்றது. டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மருந்தைக் கூட்டிக் குறைப்பதற்கெல்லாம் அவள் என்றைக்கு யாரைக் கேட்டாள்? பெரிய ஆர்டர் வந்தால் முன்கூட்டியே மாத்திரையை நிறுத்தினாள். கேக் போனதும் மறுபடி ஆரம்பித்தாள். ஆர்டர் நாட்களில் நடுக்கம் அடங்கியது. ரோஜாக்கள் பழையபடி இதழ் இதழாக விரிந்தன. வேறு ஆள் பேச்சை அண்ணன் எடுக்கவே இல்லை. ஆர்டர்தான் மேலும் மேலும் எடுத்தான்.

பிறகு சர்க்கரை ஏறத் தொடங்கியது. ஊசி திரும்ப வந்தது.

"செல்லெல்லாம் போயிடுச்சும்மா," என்றார் டாக்டர். "கை நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவை மாத்திப் பாத்திருப்பேனே. நீங்களா எப்படிக் குறைச்சீங்க?"

"இத்தனை வருஷமா ஊசிய நானாத்தான் டாக்டர் குறைச்சேன். அதுக்கு நீங்களே பாராட்டியிருக்கீங்க."

அவள் மீது கோபப்பட அவரால் முடியவில்லை.

"அப்ப இன்னொரு தடவை வைக்கலாமா?"

"இப்போதைக்கு இல்லம்மா. அந்த மாத்திரையும் இனி வேண்டாம்."

வெளியே அண்ணன் காத்திருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இனி ஊசிதான், எப்போது வேண்டுமானாலும் மயக்கம் வரலாம், அடுப்புப் பக்கம் தனியாக நிற்கக் கூடாது. அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். கண்கூடக் கலங்கியது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மாத்திரைய நிறுத்திட்டாங்கன்னா... இனிமே கை நடுங்காதுல்ல?"

அவள் கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினாள். விரல் நுனிகூட அசையவில்லை.

"நல்லவேளை," என்றான் அண்ணன்.